லாரி வராத வாரத்துக்கு

2020 மே மாதம் கோயம்பேடு சந்தையை மூடியதும் சென்னையில் காய்கறி விலை எகிறியது. நாசிக் வெங்காயமும் கோலார் தக்காளியும் லாரியை நம்பியவை. வழி அடைபட்டால் முதலில் காணாமல் போவதும் அவைதான். பக்கத்து ஊர்க் கீரை, கத்தரி, வெண்டை மொபெட்டிலேயே வந்துவிடும். (அடைமழையில் அவையும் அழுகும் என்பது வேறு விஷயம்.)

உழவர் சந்தையில் ஒரு விவசாயியிடம் வாடிக்கை பிடித்து வையுங்கள். விலை மலிந்த நாளிலும் அவரிடமே வாங்குங்கள். தட்டுப்பாட்டில் அவர் எடுத்து வைப்பது வாடிக்கைக்காரருக்குத்தான்.

காம்போடு முழுப் பூசணி, மண் ஒட்டிய சேனைக்கிழங்கு இரண்டும் வீட்டில் இருக்கட்டும். கழுவாமல், காற்றோட்டமான இடத்தில் வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. சின்ன வெங்காயத்தைப் பாலிதீன் பையில் மூடி வைக்காதீர்கள், வியர்த்து அழுகிவிடும். தக்காளி கிடைக்கவில்லையா? ரசத்துக்குப் புளியே போதும்.