செயின் இழுபடுவதில்லை, தேய்கிறது

பண்டாரகம ஓடுபாதையில் சுற்றும் கார்ட் வண்டியின் பின் அச்சைச் சுழற்றுவது செயின். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் டீம் ஷார்க் இறங்கிய ஃபோர்முலா ஸ்டூடன்ட் போன்ற போட்டிகளுக்கு மாணவர்கள் கட்டும் பெற்றோல் கார்களிலும் பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் எஞ்சின்தான். அங்கேயும் பின்சில்லுக்குச் சக்தி போவது செயின் வழியே. அதனால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பைக்குக்குச் சொல்லும் கைவைத்தியம் ரேஸ் காருக்கும் போய்ச் சேர்கிறது. அதில் பாதி, செயினின் ஆயுளைக் குறைக்கும் வைத்தியம்.

நம்பிக்கை: ஓட ஓடச் செயின் இழுபட்டு நீளும்.

தகடுகள் இழுபடுவதில்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பின், புஷ்ஷுக்குள் திரும்புகிறது. தேய்மானம் அங்கேதான். 1880இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனோல்ட் செயினுக்குப் புஷ் வைத்ததே அந்தத் தேய்மானத்தைக் குறைக்கத்தான். ஒரு மூட்டில் 0.05 மி.மீ. தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. நூறு மூட்டுக்கு அது 5 மி.மீ. ஆகிவிடும். 428 அளவுச் செயினில் ஒரு கண்ணியின் அளவு 12.7 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணிகளை அளந்தால் புதிதில் 254 மி.மீ. வரும். 259ஐத் தொட்டால் இரண்டு சதவீதம் தேய்ந்துவிட்டது, கழற்றிவிடுங்கள். ரேஸ் காருக்கு அவ்வளவு தூரம் காத்திருக்கவும் கூடாது.

கழற்றும்போது இரண்டு ஸ்பிரொக்கெட்டுகளையும் பாருங்கள். பற்கள் கொக்கிபோல வளைந்திருந்தால் அவையும் மாற வேண்டும். பழைய பல்லில் புதுச் செயின் போட்டு மிச்சம் பிடித்த காசு, அடுத்த செயினுக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையில் போய்விடும்.

நம்பிக்கை: நன்றாக இறுக்கினால் பிக்கப் கூடும்.

கூடாது. விறைத்த செயின் எஞ்சின் தண்டின் பெயரிங்கை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். பின்னும் புஷ்ஷும் சூடேறி இன்னும் வேகமாகத் தேயும். பைக்கில் பின்சில்லு மேலும் கீழும் ஆடும்போது செயினின் தளர்வு மாறும். அதற்கு இடம் விட்டுத்தான் கைநூலில் அளவு தந்திருக்கிறார்கள். ஃபோர்முலா ஸ்டூடன்ட் காரில் பின் ஸ்பிரொக்கெட் டிஃபரென்ஷியலோடு சேர்ந்து சேசியிலேயே நிற்கும். சில்லின் ஆட்டத்தை ஏற்பவை இரு பக்க அரைத்தண்டுகள். ஆகவே பைக்கின் அளவை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. ஆனால் ஒரு விதி இரண்டுக்கும் பொது: செயின் எல்லா இடத்திலும் ஒரேமாதிரித் தேயாது. சில்லைக் கையால் மெல்லச் சுற்றி, மிக விறைப்பாக வரும் இடத்தைக் கண்டுபிடித்து, தளர்வை அங்கே அளந்து பாருங்கள். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால், விறைத்த இடம் வரும் ஒவ்வொரு சுற்றிலும் பெயரிங் அடி வாங்கும்.

நம்பிக்கை: எஞ்சினில் இருந்து வடித்த பழைய ஒயிலே செயினுக்குப் போதும்.

அதில் கரியும் இரும்புத் தூளும் கலந்திருக்கின்றன. தேய்வதைத் தடுக்கப் பூசுவது, தேய்க்கும் பசையாகிவிடும். தெறிக்கும் ஒயில் பின் பிரேக் டிஸ்க்கில் பட்டால் பிரேக்கையும் கெடுக்கும்.

மூட்டுகளில் ரப்பர் ரிங் வைத்த ஓ-ரிங் செயினில் கிறீஸ் உள்ளேயே அடைத்து வருகிறது. பெற்றோலும் கம்பித் தூரிகையும் அந்த ரிங்கைத்தான் அழிக்கின்றன. மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, உலர்த்தி, 90 கியர் ஒயிலை மெல்லிதாக விடுங்கள். கடலோர மரைன் டிரைவ் பக்கம் நிறுத்துகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். உப்புக்காற்றில் வெறுந்தகடு சீக்கிரம் துருப்பிடிக்கும். கார்ட் செயின்களில் பெரும்பாலும் ரிங் இல்லை, ஒயில்தான் மூட்டுக்குள் இறங்க வேண்டும். ஓடி முடித்த சூட்டிலேயே, செயினின் உட்பக்கத்தில் விடுங்கள். அடுத்த ஓட்டத்தில் சுழற்சியே அதை வெளிப்பக்கம் இழுத்துப் பரப்பும்.

நம்பிக்கை: எஞ்சினைப் போட்டுக் கியரில் விட்டால் செயின் தானாகச் சுற்றும், துடைப்பது சுகம்.

இதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். துணியின் ஒரு நூல் பல்லில் மாட்டினால் விரலும் கூடவே போகும். கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்காது. எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றி, நியூட்ரலில் கையால் சுற்றித் துடைத்தாலும் வேலை சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

கிளிப் மூட்டு உள்ள செயினில் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

செயினை மூடும் காப்புத் தகட்டைப் பாரம் என்று கழற்றி வைப்போரும் உண்டு. அறுந்த செயின் எங்கே பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்க மாணவர் போட்டியான ஃபோர்முலா எஸ்ஏஇயின் விதிகள் துளையில்லாத 2.66 மி.மீ. உருக்குத் தகட்டை, செயினின் அகலத்தைப்போல் மூன்று மடங்கு அகலத்தில் கேட்பது அதனால்தான். துடைத்து, அளந்து முடிந்ததும் அந்தத் தகட்டைப் பூட்டிய பிறகே எஞ்சினைப் போடுங்கள்.