டி-சிஸ்டீன் எங்கே, தம்பி?



திருப்பதி ஆய்வுக்கூடத்திலிருந்து தம்பி அனுப்பிய கட்டுரை சித்தூர் வந்து ஒரு வாரமாகிறது. தங்கமும் வெள்ளியும் கலந்த நானோ துகள்களை எல்-சிஸ்டீன் சேர்த்து முறுக்காக வளர்த்திருக்கிறார். இதை எழுதுபவர் மூன்றாம் படத்தைத் தாண்ட முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

அந்தப் படத்தில் இடச்சுழல் ஒளியையும் வலச்சுழல் ஒளியையும் துகள்கள் விழுங்கும் வித்தியாசத்தைக் காட்டும் வட்ட இருநிறமை வளைவு ஒன்றே ஒன்று இருக்கிறது. எல்-சிஸ்டீனின் கண்ணாடிப் பிம்பமான டி-சிஸ்டீன் எங்கே? அதன் விலை அதிகம்தான். ஆனால் இடக்கையை மட்டும் காட்டிவிட்டு வலக்கையை நம்பச் சொல்லக் கூடாது. 2010இல் ஜினோ ஜார்ஜும் கே. ஜார்ஜ் தாமஸும் பெப்டைடு நானோ குழாய்களின் மேல் தங்கத் துகள்களை ஒட்டியபோது எல், டி இரண்டையும் செய்தார்கள். ஒன்றில் மேடாக இருந்தது மற்றதில் பள்ளமாக வந்தது. முறுக்குத் தங்கத் துகள்களை 2018இல் உலகுக்குக் காட்டிய சியோலைச் சேர்ந்த கி டே நாம் குழுவும் இரண்டு கைகளையும் வைத்தே பேசியது. 1848இல் பாஸ்டர் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை இடக்கை, வலக்கை என்று இரு குவியலாகப் பொறுக்கினாரே, அன்றே வந்த வழக்கம் இது.

அடுத்தது, அளவை எடுத்த விதம். கண்ணாடித் தகட்டில் காயவைத்த படலமாம்!

சித்தூர் வெல்லத்துக்குப் பேர்போன ஊர். இதை எழுதுபவர் பாடம் எடுத்த நாட்களில் சர்க்கரைக் கரைசலைப் போலாரிமீட்டர் குழாயில் ஊற்றி, சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் கோணம் பார்ப்பது வழக்கம். அதிலிருந்து கணக்கிட்டால் சுக்ரோஸின் நியமச் சுழற்சி வலப்பக்கம் 66.5 டிகிரி வர வேண்டும். ஒரு மாணவனுக்கு மூன்று நாளாகத் தப்பாகவே வந்தது. கரைசலை மாற்றினான், விளக்கை மாற்றினான். கடைசியில் பார்த்தால், குழாயின் மூடியை அவன் இறுக்கித் திருகியிருந்தான். அழுத்தம் பட்ட கண்ணாடியே ஒளியைக் குலைத்திருக்கிறது. அரைத் திருகு தளர்த்தியதும் எண் சரியாக வந்தது.

படலமும் அப்படித்தான். காயும்போது துகள்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து அடுக்கிக்கொண்டால், நேர்கோட்டு விளைவு கருவிக்குள் புகுந்து வட்ட விளைவாக வேஷம் போடும். தகட்டைத் தொண்ணூறு டிகிரி சுழற்ற வேண்டும், முன்பின் புரட்ட வேண்டும். அப்போதும் வளைவு அசையாமல் நின்றால் பேசலாம். துகள்களைத் தண்ணீரிலேயே விட்டு அளந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

முதல் படத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். வெள்ளித் துகள் 400 நானோமீட்டர் பக்கமும் தங்கத் துகள் 520 பக்கமும் ஒளியை விழுங்கும். தம்பியின் ஏழு குப்பிகளிலும் தங்கம் ஏற ஏற, ஒற்றைச் சிகரம் பிளவுபடாமல் படிப்படியாக நகர்கிறது. வெள்ளி உப்போடு தங்கக் குளோரைடு சேர்ந்தாலே வெள்ளி குளோரைடு வெண்மையாகப் படியும். அதில் சிக்காமல் இப்படி ஒரு வரிசை! நான்காம் நூற்றாண்டு ரோமானியர் செய்த லைகர்கஸ் கிண்ணம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளியே ஒளி பட்டால் பச்சை, உள்ளிருந்து ஒளி வந்தால் சிவப்பு. அதற்குக் காரணமும் இதே தங்க வெள்ளிக் கலப்புதான். அந்தக் கிண்ணத்தின் பக்கத்தில் வைக்கத் தகுந்தவை இந்த ஏழு குப்பிகள். நாற்பது ஆண்டில் இவ்வளவு சுத்தமான வேலையை இதை எழுதுபவர் பார்த்ததில்லை.

அதனால்தான் மூன்றாம் படத்தின் மேல் இத்தனை கோபம். தம்பி ஒரு கிராம் டி-சிஸ்டீன் வாங்கட்டும். அதே ஏழு குப்பிகளையும் மறுபடி செய்து, தண்ணீரிலேயே அளந்து, இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்து எடுத்துக்கொண்டு சித்தூருக்கு வரட்டும்.