செவி கேளா மாணவியும் முழவாசிரியரும்

மாணாக்கன் எவ்வகையில் ஏற்றுக்கொள்வானோ அவ்வகையை அறிந்து பாடஞ்சொல்லுதல் ஆசிரியர் கடனென்று பவணந்தி முனிவர் நன்னூலிலே விதித்திருக்கின்றார். நூற்கல்வியை நோக்கிக் கூறிய இவ்விதி கருவியிசைக்குப் பன்மடங்கு பொருந்தும். கணக்கிற் பிழை செய்தவனுக்கு அறிவொன்று திருந்தினாற் போதும். முழவோ கித்தாரோ பயில்வானுக்கு விரலும் மணிக்கட்டும் தோளும் செவியும் ஒருங்கே திருந்தல் வேண்டும். இவையோ ஆளுக்கு ஆள் வேறுபடுவன. அங்ஙனமிருக்க, அச்சிட்ட பாடப்புத்தகத்தின் முதற்பக்கத்தை எல்லார் முன்னும் ஒருபடித்தாக விரித்துவைத்து, பின்தங்கினவனை 'உனக்கு இசை வராது' என்று அனுப்பிவிடும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை. அவ்வாறு அனுப்பப்படத் தகுந்தவரென்று எவரும் எண்ணக்கூடிய ஒரு மாணவியின் வரலாறு இங்கே ஆராயத்தக்கது.

ஈவ்லின் கிளெனி என்னும் அம்மையார் 1965-ஆம் ஆண்டிலே ஸ்காத்லாந்தின் அபர்தீன் பகுதியிற் பிறந்து, உழவர் குடும்பத்தில் வளர்ந்தவர். எட்டாம் வயதளவில் இவருக்குக் கேள்விப்புலன் குன்றத் தொடங்கியது. பன்னிரண்டாம் வயதளவில் அது பெரும்பாலும் ஒழிந்துபோயிற்று. அவ்வயதிலேதான் இவர் தம் பள்ளியில் முழவு பயில விரும்பி, ரான் போர்ப்ஸ் என்னும் ஆசிரியரிடம் சேர்ந்தார். இசையென்பது கேட்டலாயிற்றே, நீ எங்ஙனம் கேட்பாய் என ஆசிரியர் வினவினார். தாங்கள் எங்ஙனம் கேட்கின்றீர்கள் எனச் சிறுமி திருப்பி வினவினாள். செவியாற் கேட்கின்றேன் என அவர் விடையிறுப்ப, தான் கையாலும் தோளாலும் முகத்தாலும் காலாலும் கேட்பதாக அவள் கூறினாள். வேறோர் ஆசிரியராயின் இதனை வாய்த்துடுக்கென்று தள்ளியிருப்பர். போர்ப்ஸோ அவ்விடையையே பாடமாக அமைத்துக்கொண்டார்.

அவர் தெரிந்தெடுத்த கருவி டிம்பனி. அது செப்புக் கொப்பரையின் வாயிலே தோல் போர்த்த பெருமுரசு. காலால் மிதிக்கும் கட்டையைக் கொண்டு தோலை இறுக்கியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றவும் இறக்கவுங் கூடும். மாணவி வகுப்பறைச் சுவரில் இரு கைகளையும் வைத்து நிற்பாள். ஆசிரியர் முரசை முழக்குவார். முதலில் இரண்டு முரசுகளின் சுருதிகளுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். அவ்வேறுபாடு உடம்பிற் புலப்பட்டபின், இடைவெளியைச் சிறிது சிறிதாக ஒடுக்குவார். இப்பயிற்சி நெடுங்காலம் நடந்தது. நாளடைவில் தாழ்ந்த ஒலிகள் காலிலும் பாதத்திலும், உயர்ந்த ஒலிகள் முகத்திலும் கழுத்திலும் மார்பிலும் புலனாவதை மாணவி கண்டுகொண்டாள். ஒலி உடம்பில் எவ்விடத்தே தைக்கின்றதென்பதைக் கொண்டு அதன் சுருதியை ஏறக்குறையச் சொல்லும் ஆற்றல் இவ்வாறு வளர்ந்தது.

இதில் மாயம் ஒன்றுமில்லை. ஒலியென்பது அதிர்வு. மக்கட்செவி ஒரு விநாடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை அறியும். தோலோ ஏறக்குறைய 1,000-க்கு மேற்பட்டவற்றை அறியாது. டிம்பனியின் அடிப்படைச் சுருதிகள் யாவும் இவ்வெல்லைக்கு உட்பட்டவை. குழலையோ வயலினின் மேற்றந்தியையோ கொண்டு இப்பயிற்சியைத் தொடங்கியிருந்தால் அது முதல்நாளிலேயே முறிந்திருக்கும். மாணவிக்கு எது குறைவென்பதை எல்லாரும் அறிந்திருந்தனர். அவளிடத்தில் எது எஞ்சியிருக்கின்றது, எக்கருவி அதனோடு பேசும் என்று தேடிய இடத்திலேதான் இவ்வாசிரியரின் திறம் விளங்குகின்றது.

பின்னர் கிளெனி இலண்டன் ராயல் இசைக் கழகத்திற்கு விண்ணப்பஞ்செய்தார். செவி கேளாத இசைவாணருக்கு எதிர்காலம் என்னவாகுமெனத் தமக்குத் தெரியாதென்று கழகத்தார் முதலில் மறுத்தனரென்பதை அவரே பிற்காலத்திற் பொதுமேடையில் உரைத்திருக்கின்றார். வாசிக்குந் திறமையை நோக்காது வேறு காரணத்தால் தம்மை விலக்குவீராயின், நீங்கள் சேர்த்துக்கொள்வோரைப்பற்றியும் ஆழ்ந்து சிந்திக்கவேண்டிவருமென்று அவர் வாதாடினார். இருமுறை தேர்வுக்கு நின்று இடம்பெற்றார். இங்கே ஒன்றை ஊன்றி நோக்குக: சலுகையாக எளிய பாட்டொன்றை வாசிக்க அவர் கேட்கவில்லை, பிறர்க்கு வைத்த அளவுகோலையே தமக்கும் வைக்கக் கேட்டார். கற்பித்த வழி தனிவழி. சென்றடைந்த இடமோ பொதுவிடம். கழகத்திற் பயின்று வெளிவந்தபின் அவர் முழவுக் கருவிகளைத் தனித்து வாசிப்பதையே தொழிலாகக் கொண்டார். மேடையதிர்வைப் பாதத்தால் உணரும்பொருட்டு வெறுங்காலுடன் வாசிப்பது அவர் வழக்கம். 2012-ஆம் ஆண்டு இலண்டனில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் தொடங்கிய விழாவிலும் அவர் முழவு முழங்கிற்று.

நம் நாட்டு மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையவர்கள் (1908–1962) இடக்கையர். மிருதங்கக்காரர் பாடகரின் வலப்பக்கத்திலிருந்தால் வலந்தலை அவையை நோக்கும். இடக்கையர் அவ்விடத்தமர்ந்தால் அது பின்புறமாய்த் திரும்பிவிடும். ஆகவே அவர் இடப்பக்கத்தில் அமர, வயலின்காரர் வலப்பக்கம் மாறவேண்டியதாயிற்று. இதனை விரும்பாதவரும் இருந்தனர். இருக்கையை மாற்ற மனமில்லாமையால் ஒரு கலைஞனை இழக்கத் துணிவது எவ்வளவு பேதைமை! தா, தீ, தொம், நம் என்னும் முதற்பாடச் சொற்கள் எக்கையால் வாசித்தாலும் அவையே அன்றோ?

கித்தாருக்கும் இவ்வுண்மை பொருந்தும். ஜாங்கோ ரைன்ஹார்ட் என்பார் 1928-இல் தீவிபத்தில் இடக்கையின் இருவிரல்கள் செவ்வனே இயங்காமற்போன பின்பும், எஞ்சிய இரண்டாலேயே இராகவோட்டங்களை அமைத்துக்கொண்டு பாரிஸ் நகரிற் பெரும்புகழ் எய்தினார். நான்கு விரற்கும் எண்ணிட்ட பாடப்புத்தகம் அவருக்கு ஒன்றுக்கும் உதவியிராது.

ஆயினும், மாணாக்கனுக்கு ஏற்பக் கற்பித்தல் என்பதை அவன் விரும்பினதை மட்டும் கற்பித்தல் என்று சிலர் கொள்கின்றனர். இரண்டு பாட்டுக்களை விரைவிற் கைப்படுத்திக்கொடுத்துப் பெற்றோரை மகிழ்விக்கலாம்; மூன்றாம் பாட்டுக்கு அவன் மீண்டும் ஆசிரியர் வாயைப் பார்த்து நிற்பான். தாளம் எவர்பொருட்டும் நெகிழாது, சுருதியும் அப்படியே. நெகிழத்தக்கவை கருவியின் அளவும் இருக்கையும் பாடத்தின் வரிசையும் பயிற்சியின் விரைவும் ஆம்.

சிறுகையுடைய பிள்ளையை எடுத்துக்கொள்வோம். பெரியோர் வாசிக்கும் கித்தாரில் தந்தியின் நீளம் ஏறக்குறைய 65 செண்டிமீட்டர். முதல் மெட்டின் அகலம் சுமார் மூன்றரை செண்டிமீட்டர். அப்பிள்ளையின் விரல்கள் அங்கே எட்டாமல் வருந்தும். ஐந்தாம் மெட்டிலே கவ்வியைப் பூட்டினால் அடுத்த மெட்டின் அகலம் மூன்று செண்டிமீட்டருக்கும் குறைந்துவிடும்; விரலமைப்பு மாறாது, சுருதி மட்டும் ஏறும். கை வளர வளரக் கவ்வியை நான்காம் மெட்டுக்கும் மூன்றாம் மெட்டுக்குமாக இறக்கிக்கொண்டுவந்து, ஒருநாள் கழற்றி எடுத்துவிடலாம்.