கடைச் சொல்லும் பள்ளிவாசல் சொல்லும்



நம் பிள்ளைகள் மலாய் மொழியைச் சரளமாகப் பேசுகின்றனர், மகிழ்ச்சியே. ஆனால் அவர்கள் சொல்லும் ‘கெடாய்’ நம் கடை என்பதையும், ‘காப்பல்’ நம் கப்பல் என்பதையும், ‘மோடல்’ நம் முதல் என்பதையும் எத்தனை பேர் அறிவர்? பொன்னின் தரத்தை நாம் ‘மாற்று’ என்கிறோம். அச்சொல்லே மலாயில் ‘மூத்து’ என்றாகி, எப்பொருளின் தரத்தையும் குறிக்கிறது. நம் முன்னோர் சரக்கோடு சொல்லையும் இறக்கினர்.

துறைமுகச் சொற்களோ பாரசீகத்தவை. ‘ஷா’ என்றால் அரசன். ‘பந்தர்’ என்றால் துறைமுகம். சுல்தான்கள் காலத்து மலாக்காவில் ஷாபந்தர்கள் நால்வர் இருந்தனர். சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகரை அவர்களுள் ஒருவர் கவனித்தார். கப்பல் தலைவரான ‘நகுதா’வும் பாரசீகச் சொல்லே. 1511-ல் ஆட்சி போர்த்துக்கீசியர் வசமாயிற்று, சொற்கள் மறையவில்லை.

இனிப் பள்ளிவாசலுக்குள் வருவோம். இந்திய முஸ்லிம் வணிகர் 1748-ல் மரத்தால் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல், 1872-ல் செங்கல்லால் புதுக்கப்பட்டது. அதன் கூரை மூன்றடுக்கு. மினாராவோ சீனப் பகோடா போன்றது. உருவம் இவ்வாறாயினும் பெயர் அரபுதான். ‘மினாரா’ என்பது ஒளியைக் குறிக்கும் ‘நூர்’ என்னும் சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. ஒளியுள்ள இடம் என்பது பொருள். ‘மிம்பர்’ என்பதன் வேர்ச்சொல்லுக்கு உயர்த்துதல் என்று பொருள். இவை இரண்டும் இருக்கும் இடத்தையோ நாம் ‘பள்ளிவாசல்’ என்று தமிழிலேயே அழைக்கிறோம்.

தமிழை விட்டவனுக்குக் கடைச் சொல்லின் வேர் தெரியாது. அரபை விட்டவனுக்குப் பள்ளிவாசல் சொல்லின் பொருள் விளங்காது. ஆகவே கடையில் ஓய்வான வேளையில் நாளொரு சொல்லாகப் பிள்ளைகளுக்கு விளக்குவோமாக. முதலைக் காப்பதில் நாம் காட்டும் கவனம் சொல்லைக் காப்பதிலும் வேண்டும்.

வஸ்ஸலாம்.