எலியிடம் தேடும் விடை

கேள்வி: கல்யாணமாகி ஆறு வருடமாகியும் குழந்தை இல்லை. எண்ணூரில் பாய்லர் பக்கத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்கு விந்தணு குறைவாம். எலியின் மரபணுவை முடக்கி இதை ஆராய்கிறார்களாமே, நமக்கு என்ன பயன்?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: பெரிய பயன் உண்டு, சகோதரி. எந்த மரபணு என்ன வேலை செய்கிறது என்று மனிதரிடம் முடக்கிப் பார்க்க முடியாது, எலியிடம் முடியும். இந்த முறைக்கு 2007-ல் நோபல் பரிசு கிடைத்தது. 2001-ல் 'கேட்ஸ்பர் 1' மரபணுவை முடக்கினார்கள். ஆண் எலிகள் ஆரோக்கியமாக இருந்தன, இணை சேர்ந்தன. ஆனால் குட்டி இல்லை. விந்தணுவின் வாலுக்கு முட்டையின் உறையைத் துளைக்கும் வேகம் வரவில்லை. பிறகு, குழந்தையில்லாத சில ஆண்களிடமும் அதே மரபணுவில் பழுது தெரிந்தது. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தில் குமாரசாமி தங்கராஜ் குழுவினரும் 2024-ல் 'டெக்ஸ்13பி' மரபணுவை எலி செல்களில் முடக்கி, விந்தணு உருவாக அது அவசியம் என்று காட்டினார்கள்.

எல்லாமே மரபணுவால் வருவதில்லை. விரைகளுக்கு உடல் சூட்டைவிடக் குறைந்த சூடு வேண்டும். அதனால், பாய்லர் பக்கத்தில் கணவர் பார்க்கும் வேலையைப் பற்றி டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். எண்ணிக்கை மிகக் குறைவென்றால் ஒய் குரோமோசோம் பரிசோதனை பற்றியும் கேளுங்கள். விந்தணுக் குறைவு உடலின் கோளாறு. இதில் உங்கள் குற்றமும் இல்லை, அவர் குற்றமும் இல்லை.