பச்சிளங் குழந்தையின் மஞ்சளும் ஸ்கான் படமும்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காண்பது நம் வீடுகளில் புதிதல்ல. பெரும்பாலும் இரண்டு வாரத்திற்குள் தெளிந்துவிடும். 14 நாள் கடந்தும் கண்ணில் மஞ்சள் நிற்குமானால் அது வேறு விஷயம். கூடவே மலம் வெளிறிச் சுண்ணாம்பு போலிருந்து, சிறுநீர் துணியில் மஞ்சட்கறை படியுமானால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தநீர். அதை ஈரலிலிருந்து குடலுக்குக் கொண்டு செல்லும் குழாய் அடைபட்டிருக்கலாம்.

இந்நோய்க்கு 1950களில் ஜப்பானிய டாக்டர் மோரியோ கசாய் ஓர் ஆபரேஷன் கண்டார். கெட்ட குழாயை அகற்றிவிட்டு, குடலின் ஒரு பகுதியை ஈரலோடு நேரே இணைப்பது அது. பிறந்து 60 நாட்களுக்குள் செய்தால் பலன் அதிகம். நாள் செல்லச் செல்ல ஈரல் கெட்டிப்பட்டுவிடும். தவணை தப்புவது என்றால் என்னவென்று வியாபாரிகளாகிய நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பிள்ளை பெற்றவளும் குழந்தையும் நாற்பது நாள் வாசல் தாண்டலாகாது என்று நாம் வைத்திருக்கும் வழக்கம், அந்த அறுபதில் நாற்பதை விழுங்கிவிடுகிறது. வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. நோய்க்கு அதில் விலக்கு உண்டென்று பெரியவர்கள் வீட்டில் சொல்லி வைக்க வேண்டும். இளவெயிலில் காட்டிக்கொண்டே இன்னொரு வாரம் பார்ப்போம் என்பதும் இதற்கு உதவாது.

ஆஸ்பத்திரியில் முதலில் ரத்தம் பார்ப்பார்கள். அதிலுள்ள மஞ்சள் இரண்டு வகை. ஈரல் பக்குவப்படுத்தியும் வெளியேறாமல் தேங்கிய வகை மிகுந்திருந்தால் அல்ட்ராசவுண்ட் படம் எடுப்பார்கள். ஒலி அலையால் எடுப்பது, வலியில்லை. அதற்குமுன் சில மணி நேரம் பால் கொடுக்காதீர்கள் என்றால் தாய்மார் மனம் கலங்குவதுண்டு. பால் குடித்தால் பித்தப்பை சுருங்கும். பட்டினியிலும் அது சுருங்கியே கிடக்கிறதா என்பதுதான் தெரிய வேண்டும். ஈரலின் வாசலில் முக்கோணமாய்த் தழும்பு தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனால் சகோதரர்களே, ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் நோயே இல்லை என்றாகிவிடாது. மலம் வெளிறியே இருந்தால் மறுபடியும் போய்க் கேட்க வேண்டும்.

அடுத்தது ஹைடா ஸ்கான். சொற்ப அளவு கதிரியக்க மருந்தை நரம்பில் ஏற்றி, அது குடலுக்கு வந்து சேர்கிறதா என்று 24 மணி நேரம் வரை பார்ப்பார்கள். வந்தால் குழாய் திறந்திருக்கிறது. வராவிட்டால் அடைப்பென்று உடனே தீர்ப்பளிக்க முடியாது. ஈரல் அழற்சி கடுமையானாலும் அப்படியே தெரியும். இதற்குமுன் ஐந்து நாள் மருந்து கொடுப்பதும் உண்டு. நாள் நெருங்கிவிட்டால் இதற்குக் காத்திராமல், ஈரலில் ஊசியிட்டுத் துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். முடிவான படம் ஆபரேஷன் மேஜையில்தான்: பித்தப்பையில் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும்போது வழி உண்டா இல்லையா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும்.

சபாக் பக்கத்தார் கிளினிக்கிலோ தெங்கு அம்புவான் ஜெமாஆ ஆஸ்பத்திரியிலோ முதலில் காட்டலாம். மேற்கொண்டு கோலாலம்பூருக்குப் போக நேரும். புறப்படும்போது குழந்தை அழுக்காக்கிய துணியைத் துவைக்காமல் ஒரு பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். நிறத்தை டாக்டரே பார்க்கட்டும்.