ஊசி கோக்கும் கண்ணுக்கு: பயனுள்ள குறிப்புகள்

சேவூர், அவிநாசிப் பக்கம் பனியன் கம்பெனிக்குப் போகிறவர் இல்லாத தெரு அரிது. ஓவர்லாக், செக்கிங், பிசிர் வெட்டுவது என்று எல்லாமே கண்ணை நம்பிய வேலைதான். ஆனால் கண் பரிசோதனையில் தரும் சீட்டைப் படித்துப் பார்க்காமலே கண்ணாடிக் கடையில் நீட்டிவிடுகிறோம். அதிலுள்ள சொற்களும் சோதனைக் கருவிகளும் பிடிபட்டால், நமக்கு வேண்டியதை நாமே கேட்டு வாங்கலாம்.

1. நூல் கோக்கக் கையைத் தள்ளி நீட்ட வேண்டியிருக்கிறதா? அது வெள்ளெழுத்து. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நாற்பது வயதையொட்டி நெகிழ்வை இழப்பதால் எல்லோருக்கும் வருவது. ‘கண்ணாடி போட்டால் பவர் ஏறிவிடும்’ என்று தள்ளிப்போடாதீர்கள். போடாவிட்டாலும் வயதோடு அது கூடும். அசாமில் தேயிலை பறிக்கும் 40 வயது கடந்த 751 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2018-இல் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ இதழில் வெளியானது. கிட்டத்துக் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த அளவு, பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு இது நேரடிக் கூலிக் கணக்கு.

2. எல்லாவற்றிலும் முக்கியமானது இது. மெஷினில் வழக்கம்போல உட்கார்ந்து, கண்ணிலிருந்து ஊசி வரை எவ்வளவு தூரம் என்று இன்ச் டேப்பால் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அந்த அளவைப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். பொதுவாகப் புத்தகம் படிக்கும் 33 முதல் 40 செ.மீ. தூரத்துக்குத்தான் பவர் பார்ப்பார்கள். உங்கள் ஊசி 50 செ.மீ. தள்ளி இருந்தால் அந்தக் கண்ணாடியோடு நாள் முழுக்கக் குனிய வேண்டியிருக்கும். கழுத்து வலிதான் மிச்சம். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் இதைக் கேட்காமல் விடவே கூடாது.

3. சீட்டில் ‘ஸ்பியர்’ என்ற கட்டத்தில் மைனஸ் இருந்தால் கிட்டப்பார்வை, பிளஸ் இருந்தால் தூரப்பார்வை. ‘சிலிண்டர்’ என்பது கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர். எந்தக் கோணத்தில் என்பதை ‘ஆக்சிஸ்’ சொல்லும், 1 முதல் 180 வரை. ‘ஆட்’ என்பது கிட்டத்துக்குக் கூட்டித் தரும் பவர். ‘பி.டி.’ இரண்டு கண்மணிகளுக்கும் இடையிலுள்ள தூரம், மில்லிமீட்டரில். ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், சிலிண்டரும் கிடையாது. அதைப் போட்டுத் தலை வலித்தால் விட்டுவிடுங்கள்.

4. சீட்டில் பார்வை அளவு 6/18 என்று இருந்தால், நல்ல கண் 18 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை இந்தக் கண் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறது என்று பொருள். 6/6 நல்ல பார்வை. இதை அளக்கும் எழுத்து அட்டையை 1862-இல் வெளியிட்டவர் நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன். படிக்கத் தெரியாதவர்களுக்குத் திசை காட்டும் அட்டை உண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

5. வீட்டிலேயே ஒரு சோதனை. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைத் தள்ளி நின்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். குழந்தைகளையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண் மங்கலாக இருந்தாலும் மற்றது ஈடுகட்டிவிடுவதால் தெரியாமலே போகும். மங்கலாகத் தெரிந்தால், கெட்டி அட்டையில் ஊசியால் ஒரு மில்லிமீட்டர் துளையிட்டு அதன் வழியே பாருங்கள். தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடியில் சரியாகிற குறைதான். தெளியாவிட்டால் டாக்டரிடம் போவதைத் தாமதிக்காதீர்கள்.

6. ‘கம்ப்யூட்டர் டெஸ்ட்’ என்று தாடையை வைத்துப் பலூன் படம் பார்க்கச் சொல்லும் கருவி தருவது தொடக்கக் கணக்கு மட்டுமே. அதன்பின் லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு அட்டையைப் படிக்க வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் கண்ணாடி எழுதித் தந்தால் வாங்காதீர்கள்.

7. கண்ணில் காற்றை ஊதுவது கண் அழுத்தம் பார்க்க. 10 முதல் 21 வரை வழக்கமான அளவு. கண் அழுத்த நோய் பெரும்பாலும் வலியே இல்லாமல் பக்கப் பார்வையைத் தின்னும். பெற்றோருக்கு இருந்தால் நாற்பதுக்கு மேல் கட்டாயம் பாருங்கள்.

8. கண்மணியை விரிக்கும் சொட்டு போட்டால் சில மணி நேரம் கிட்டத்தில் மங்கும், வெளிச்சம் கூசும். அன்று வேலைக்கு லீவு சொல்லிவிடுங்கள். திரும்பும்போது வண்டி ஓட்ட வேண்டாம், துணைக்கு ஆள் கூட்டிப்போங்கள்.

9. சர்க்கரை கூடிக் குறைந்தால் பவரும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் கண்ணாடி வாங்குங்கள். ஆனால் விழித்திரைச் சோதனையை வருடம் ஒருமுறை தள்ளிப்போடாமல் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களுக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நடுவே ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொல்லலாம். கோடுகள் வளைந்தோ விட்டுப்போயோ தெரிந்தால் உடனே காட்ட வேண்டும்.

10. ஷேடு பார்க்கும் வேலைக்கும் சாயப்பட்டறைக்கும் பையனை அனுப்புமுன் இஷிஹாரா எனும் நிறச் சோதனைப் புத்தகத்தில் பார்த்துவிடுங்கள். நிறக்குறை ஆண்களுக்கே அதிகம்.

11. பஞ்சுத் தூசியில் கண் அரித்தால் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கும் சொட்டில் ஸ்டீராய்டு இருக்கலாம். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தமும் புரையும் வரலாம்.

12. மெஷின் ஊசிக்கு முன்னாலுள்ள கண்ணாடி மறைப்பைக் கழற்றாதீர்கள். உடைந்த ஊசி கண்ணில் தெறித்தால் தேய்க்கவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. கண்ணில் படாமல் ஒரு பேப்பர் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.